கன்னத்தில் போட்ட கோடு

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் கோபால்ட் திறந்திருக்கிறது, யாரும் போகக்கூடாது என்று அர்த்தம். கன்னியம்மா மட்டும் தனியாகப் படுத்திருந்தாள். மேல்தாடையில் கட்டி. நான் அட்டெண்டர். கதவுக்கு வெளியே நின்றேன்.

அவள் புருஷன் முனுசாமி பக்கத்தில் வந்தான். திருமழிசைக்காரன். பாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் மார்க்கிங் வேலை. இரும்பில் இவன் கோடு போடுவான், அந்தக் கோட்டில் மெஷின் வெட்டும்.

"அண்ணாத்தே, கோடு எப்டி கீது? நம்ம கைவேலை."

"எந்தக் கோடு?"

"அவ கன்னத்துல. வெள்ளிக்கெழம மஞ்ச தேச்சு குளிச்சிட்டா. மை அயிஞ்சி பூட்ச்சு. நான்தான் போட்டேன். ஒரு நூல் தப்பாது."

அது கதிர் விழ வேண்டிய இடத்துக்கு டாக்டரம்மா அளந்து போட்ட கட்டம். அதற்கு மேலேதான் கண்.

"தாமஸ் சார், ஆஃப் பண்ணுங்க!"

ஆபரேட்டர் தாமஸ் ஏன் என்று கேட்கவில்லை. பட்டனை அமுக்கினார். சிவப்பு உடனே போகவில்லை. கோபால்ட் பெட்டிக்குள் திரும்பிப் போக வேண்டும். சில சமயம் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் உள்ளே ஓடி அவளை இழுத்து வருவது என் வேலை; கதிர் என் மேலும் படும். எனக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டேன்.

பச்சை வந்தது.

டாக்டரம்மா ஸ்கேல் வைத்துப் பார்த்தார். கோடு கம்பி மாதிரி நேராக இருந்தது. ஆனால் ஒரு விரல் மேலே இருந்தது.

"முன்னாடியும் போட்டியா?"

முனுசாமி தரையைப் பார்த்தான். "போன வாரம் மொத நாளே ஒரு தபா."

அப்படியானால் போன வாரம் முழுக்க அந்தக் கோட்டில்தான் கொடுத்திருக்கிறோம். டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வெரல்தானேம்மா?" என்றான் முனுசாமி.

"இது ஃபோட்டான்கிற கதிருப்பா. வெளிச்சத்தோட ஜாதி. உள்ள போனா நிக்காது. வழியில இருக்கிறதையெல்லாம் சுட்டுட்டு அந்தப் பக்கமா வெளிய போகும்."

"நிக்கிற மாதிரி ஒண்ணு கெடையாதா?"

"இருக்கு, புரோட்டான்னு. சொன்ன ஆழத்துல நின்னுடும். அதுக்கு அந்தாண்ட சுடாது. வெளிநாட்டுல ஆராய்ச்சிக்கூடத்துல வெச்சிருக்காங்க. அதுவும் கோடு தப்பா இருந்தா தப்பான இடத்துலதான் நிக்கும்."

கன்னியம்மா வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். "கண்ணு பூடுமாம்மா?"

"இப்ப சொல்ல முடியாது. தெரிய வருஷக்கணக்கா ஆகும்."

"மை அழிஞ்சதை ஏம்மா சொல்லலை?" என்று நான் கேட்டேன்.

"முந்தி ஒருத்தி அயிச்சிகினு வந்தப்போ சிஸ்டரம்மா அந்தக் கத்து கத்துனாங்களே. அத்த பாத்து பயந்துட்டேன். நான்தான் அவர போடச் சொன்னேன்."

சிஸ்டர் அங்கேதான் நின்றிருந்தார். மைப் புட்டியை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

டாக்டரம்மா புதுக்கோடு போட்டு, கணக்கை மாற்றி, வைத்தியத்தை முடித்தார். கட்டி கரைந்தது. பிறகு செக்கப்புக்கு வரும்போதெல்லாம் வராந்தாவிலேயே முனுசாமி அவளுடைய இடது கண்ணைப் பொத்தி விரலைக் காட்டுவான்.

"எத்தினி?"

"மூணு. கைய எறக்குய்யா, மானம் பூடுது."

நாங்கள் சிரிப்போம். ஆனால் அவள் பதில் சொல்லும்வரை நான் அங்கிருந்து நகர மாட்டேன்.

சில வருஷம் கழித்து ஒரு செக்கப். "எத்தினி?" என்றான். அவள் கண்ணைப் பொத்தியிருந்த அவன் கையை மெல்ல விலக்கினாள். இடது கண்ணால் பார்த்துவிட்டு, "ரெண்டு" என்றாள். அவன் விரலை மடக்கிக்கொண்டான்.

சரியான கோட்டில் கொடுத்திருந்தாலும் கண் மங்கியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இருக்கலாம். முனுசாமி நம்பவில்லை.

கோட்டை அழித்ததற்காக எங்கள் அறையில் அதற்கப்புறம் யாரையும் திட்டியதில்லை. புதிதாக வருகிறவரிடம் முதலில் நான் சொல்வது இதுதான்: "மை அழிஞ்சா அழிஞ்சுதுன்னு சொல்லுங்க. திட்ட மாட்டோம்."

புரோட்டான் இப்போது நம் ஊருக்கே வந்துவிட்டது என்கிறார்கள். அந்த வேலைக்குப் போகிற பிள்ளைகள் அங்கே வருகிறவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். மெஷினுக்குப் பக்கத்தில் அவர்கள் போவதற்கு முன்னால் சொல்லுங்கள்.