மனு கொடுக்காத ஊர்

எங்கள் எம்எல்ஏ சிவரஞ்சனி வண்டியில் ஏறினால் கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். தூங்கட்டும், அது பரவாயில்லை. எழுந்ததும் கண்ட கனவையெல்லாம் டிரைவரிடம் சொல்வார், அதுதான் தொல்லை. அந்த டிரைவர் நான்தான். பெயர் செழியன், ஊர் கள்ளக்குறிச்சி.

கனவில் சட்டசபைக்குள் மலை மேகம் நுழைந்துவிடும். மந்திரிகளெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் பேச எழுந்து வாயைத் திறந்தால் ஓடைச் சத்தம்தான் வரும். யாரும் சிரிக்க மாட்டார்களாம், எல்லோரும் கேட்டுக்கொண்டே இருப்பார்களாம்.

"இதுக்கு இன்னாண்ணா அர்த்தம்?" என்பார்.

"ராத்திரி சரியா சாப்புடலன்னு அர்த்தம்மா," என்பேன். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். வெளியே மலை பாதி தெரியும், பாதி தெரியாது.

வெள்ளிமலைக்கு அப்பால் ஜீப் போகிற தடம் ஓரிடத்தில் முடிந்துவிடும். இறங்கி நடந்தால் ஓர் ஓடை. அதைத் தாண்டினால் ஊஞ்சக்காடு, அவர் பிறந்த ஊர். அப்பா ராமன் சாமை விதைக்கிறவர். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, தூக்கி வளர்த்தது அத்தை சாமியம்மாள். விடுதியில் தங்கிப் படித்து, அங்கன்வாடியில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு ஒன்றியக் கவுன்சிலர் ஆனவர். எம்எல்ஏ சீட்டு வந்த விதம்தான் வேடிக்கை. கீழே இருக்கிற இரண்டு பெரிய தலைகளும் எனக்கு இல்லையென்றால் அவனுக்கும் கூடாது என்று முட்டிக்கொண்டதில், யாருக்கும் வலிக்காத ஒரு பெயரைக் கட்சி தேடியது. செய்தி வந்தபோது வாசலில் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தாராம். மழை வருமா என்று வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனை வாங்கினாராம்.

தேர்தல் செலவுக்குக் கட்சி கொஞ்சம் கொடுத்தது, புத்திமதி நிறையக் கொடுத்தது. மிச்சத்தைத் தெய்வசிகாமணி பார்த்துக்கொண்டார். கரும்பும் நெல்லுமாக நிலம் வைத்திருக்கிற பெரிய கை. ஜீப், டீசல், மைக் செட், உளுந்தூர்பேட்டையில் அடித்த போஸ்டர் எல்லாம் அவர் உபயம். போகிற இடமெல்லாம் அதைச் சொல்லவும் செய்வார்.

மலை ஜனங்கள் கையில் காசு ஏது? அவர்கள் ஜீப்புக்கு முன்னால் நடந்தார்கள். எங்களுக்கெல்லாம் சாமைச் சோறு ஆக்கிப் போட்டார்கள். தேனும் புளியும் கொண்டுவந்து பின் சீட்டில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார்கள். யார் வைத்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் பனியில் ஆளைக் காணோம். எனக்கு எரிச்சலாக வரும். கொடுத்தவன் தன் பெயரையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டாமா?

ஜெயித்தார். கள்ளக்குறிச்சியில் ஆபீஸ் திறந்தோம். விடிந்தால் வாசலில் மனுவோடு கூட்டம் நிற்கும். கால்வாய், தெருவிளக்கு, ரேஷன் கடை, குடிதண்ணீர் என்று வந்ததையெல்லாம் அவரே படித்தார். படித்ததற்கெல்லாம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். உழைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். தெய்வசிகாமணியும் கேட்டார். வயலுக்குப் போக ரோடு, அப்புறம் ஒரு சிறுபாலம், கடைசியாக அவர் ஊர்க் கல்யாண மண்டபத்துக்குச் சுற்றுச்சுவர். கொடுத்தவர் கேட்கத்தானே செய்வார்.

மலையிலிருந்து மட்டும் ஒரு தாள் வரவில்லை.

"எங்கூர்ல ஒரு கொறையும் இல்ல போலக்குதுண்ணா," என்று சந்தோஷமாகச் சொல்வார். அப்பாவைக் கீழே தன்னோடு கூட்டிவந்துவிட்டார். ஊருக்குப் போவது திருவிழாவுக்குத்தான். அது வெயில் காலம், ஓடையில் கணுக்கால் நனையும், அவ்வளவுதான்.

நாலாம் வருஷம் ஐப்பசி மழையில், ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று மேலே போனோம். தடம் முடிகிற இடத்தில் மேகம் தரையில் படுத்துக் கிடந்தது. நடந்துபோய்ப் பார்த்தால் ஓடை மேல் போட்டிருந்த மரப்பாலத்தைக் காணோம். தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது. அக்கரையில், புகைக்குள் நிற்கிற மாதிரி சாமியம்மாள் நின்றார். பக்கத்தில் புத்தகப் பையோடு நாலைந்து பிள்ளைகள், தண்ணீர் குறையுமா என்று பார்த்துக்கொண்டு.

"அத்தே! பாலம் எப்ப போச்சு?"

"நீ கீழ போனதுலருந்து அது வருசா வருசம் போவுதுடி! மழ நின்னா மரம் வெட்டிப் போடுவோம். அதுவரைக்கும் பள்ளிக்கூடம் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல!"

"எங்கிட்ட ஏன் சொல்லல? ஒரு மனு குடுத்திருந்தா..."

தண்ணீர்ச் சத்தத்தை மீறிக்கொண்டு அந்த அம்மாவின் குரல் வந்தது. "இன்னாடி பேசற? வளத்த பொண்ணுகிட்ட மனு குடுப்பாங்களா? கூர மேயறப்ப யாரயாச்சும் கூப்புட்டு இருக்கோமா? நம்மாளு தானா வந்து நிப்பான். கேட்டா குடுக்கறவன் அசலூர்க்காரன். நீ பாப்பன்னு இருந்தோம்!"

இது சிவரஞ்சனிக்குத் தெரியாததா? தெரியும். வேண்டியவர்களிடம் வாய்விட்டுக் கேட்பது, நீ எனக்கு யாரோ என்று சொல்வதற்குச் சமம், அந்த ஊரில். நாற்காலியில் உட்கார்ந்து மனுவாகப் படித்துப் படித்து மறந்துபோயிருந்தார். திரும்பி வரும்போது அவர் தூங்கவில்லை.

மறுநாளே தொகுதி வேலைகளைப் பார்க்கிற அதிகாரியை வரவழைத்தார். அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் கையைப் பிசைந்தார்.

"தொகுதி நிதி பூரா ஒதுக்கியாச்சும்மா. ஆரம்பிக்காம இருக்கறது தெய்வசிகாமணி ஊரு மண்டபச் சுவர் ஒண்ணுதான். அத நிறுத்திட்டுப் பாலத்துக்கு மாத்தலாம். ஆனா அந்த ஊர் ஜனங்க கிட்டருந்து மனு இருக்கணும். உங்க சொந்த ஊரு வேற. மனு இல்லாம செஞ்சா உங்களயும் கேப்பாங்க, என்னயும் கேப்பாங்க. எலெக்சன் தேதி அறிவிச்சிட்டா அதுவும் முடியாது."

அவர் போனதும் நான் சொன்னேன்: "எதுக்கும்மா கவல? நானே எழுதி நாலு கையெழுத்துப் போட்டுக்கினு வந்துடறேன்."

"வேணாண்ணா. அவங்க பேர்ல நாம பொய் எழுதக் கூடாது." மேஜை மேல் இருந்த மனுக்கட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "நீங்க போயி கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க."

மழை விட்டு, புது மரம் போட்டதும் போனேன். சட்டம் இப்படி, எழுதிக் கொடுத்தால்தான் பாலம் என்று சாமியம்மாளிடம் சொன்னேன். அவர் சாமை புடைப்பதை நிறுத்திவிட்டார்.

"அவளா கேட்டா?"

"ஆமாங்க."

"எங்க கிட்ட எழுதி வாங்கினு வரச் சொன்னாளா?"

"ஆமாங்க."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் ஆபீஸ் வாசலில் வழக்கமான கூட்டம். அதன் கடைசியில், தலைக்கு எண்ணெய் தடவி, திருவிழாச் சேலையில் சாமியம்மாளும், பின்னால் ஊஞ்சக்காட்டு ஆட்களும். உள்ளே வாங்க, நேராகப் போகலாம் என்று நான் எவ்வளவோ கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றுவிட்டார்கள். கருணாபுரத்துக்காரர்களும் களமருதூரிலிருந்து வந்தவர்களும் போன பிறகுதான் அவர்கள் முறை வந்தது.

சிவரஞ்சனி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். சாமியம்மாள் இரண்டு கையாலும் மனுவை நீட்டினார்.

"ஓடைக்குப் பாலம் வேணுமுங்க. பாத்து செஞ்சு குடுங்கம்மா."

பாலம் கட்டாயம் வரும், தெய்வசிகாமணி இனி ஒரு லிட்டர் டீசல்கூடத் தரமாட்டார், அதெல்லாம் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகவே தோன்றவில்லை. மனுவை வாங்காமல் சிவரஞ்சனி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தே, நான் ரஞ்சனி."

"தெரியுதுங்க," என்றார் சாமியம்மாள்.