மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் படித்த பள்ளிக்கூடம் மலாயாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த ஒரு அத்தாப்பு ஓலைக் கூரைக் கொட்டகை. அதை ஒட்டினாற்போல் ஸ்டோர். மரத்திலிருந்து வந்த பாலை உறைய வைப்பதும், கோப்பையில் தங்கிக் காய்ந்த ஒட்டுப்பாலைக் குவிப்பதும் அங்கேதான். பால் நிறுக்கும் நேரத்தில் வாத்தியாரையும் உதவிக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் திரும்பும்வரை எங்களோடு படித்த கங்காணி மகன் வைத்ததுதான் சட்டம்.

ஒருநாள் புதிதாக ஒரு சிறுமி வந்தாள். என்னைவிடச் சின்னவள். பினாங்கில் கப்பல் இறங்கி ஒரு வாரம்கூட ஆகாத குடும்பம். வாசலுக்கு வந்ததும் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கங்காணி மகனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்களுக்கும்தான்.

ஆனால் எனக்குக் கோபத்தைவிட ஆசைதான் அதிகம். அப்படி என்னதான் நாறுகிறது? அன்று மாலை அம்மாவின் சேலையை மோந்தேன், அப்பாவின் வெட்டுக் கத்தியை மோந்தேன், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் திரிந்த நாயைக்கூட விடவில்லை. ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு என்னவோ பிடித்துவிட்டதென்று அம்மா திருநீறு பூசிவிட்டாள்.

மறுநாள் அவளையே கேட்டேன். கேலி செய்கிறேனோ என்று என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"புளிச்ச மோருல செத்த எலியப் போட்ட மாதிரி இருக்குக்கா. ஒங்களுக்கு அடிக்கலயா?"

எனக்கு ஒரே ஆச்சரியம். பிறந்ததிலிருந்து இந்த ரப்பர்ப்பால் நாற்றத்திலேயே கிடந்திருக்கிறோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அந்த வாரமே, வாத்தியார் ஸ்டோருக்குப் போன நேரத்தில், கங்காணி மகன் இன்னும் காயாத ஈர ஒட்டுப்பாலைக் கொண்டுவந்து அவள் சடையில் அப்பினான். எண்ணெய்க்கும் சீப்புக்கும் அது மசியவில்லை. அவள் அம்மா முடியை ஒட்ட வெட்டிவிட்டாள். பள்ளிக்கூடம் போதும், நாளையிலிருந்து பால் வெட்ட என்னோடு மரத்துக்கு வா என்றும் சொல்லிவிட்டாள்.

நான் அவர்கள் லயத்துக்குப் போனபோது அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மாதான் சொன்னாள், ஊரில் இவள் சாதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் விடமாட்டார்களாம். வெளியே நின்று பாடம் கேட்டவளை இங்கேதான் உள்ளே உட்கார விட்டிருக்கிறார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று அவள் அம்மாவிடம் கெஞ்சினேன். இன்னும் ஒரே ஒரு தடவை அனுப்புகிறேன், அதற்குமேல் இல்லை என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவன் மறுபடியும் கை நிறைய ஒட்டுப்பாலோடு வந்தான். சடையை முன்னால் இழுத்துப் போட்டேன்.

"மொதல்ல எனக்கு ஒட்டுலா. அவளுக்குத்தான் முடி இல்லையே."

பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, தன் சடையையும் முன்னால் போட்டபடி அவளுடைய மறுபக்கம் உட்கார்ந்தாள். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பால் அவன் விரல்களிலேயே ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இருந்தவன், கடைசியில் தலையைத் தூக்காமல் அவளைக் கேட்டான்.

"நெசமாவே நாறுதா? எம்மேலயும்?"

அவள் யோசித்துவிட்டு, எல்லார் மேலும் ஒரே மாதிரிதான் என்றாள். அதற்குள் வாத்தியார் வந்துவிட்டார்.

அதன்பின் அவளுக்கு வேலை கூடிவிட்டது. ஆளாளுக்குக் கையை நீட்டி மோந்து பார்க்கச் சொன்னோம், கங்காணி மகன் உட்பட. சில மாதத்தில் அவளுக்கும் வாசனை தெரியாமல் போய்விட்டது. எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

பிறகொரு கப்பலில் வந்த ஒரு சின்னப் பையன் வாசலில் நின்று மூக்கைப் பொத்தினான். எல்லாருக்கும் முந்தி அவள்தான் எழுந்தாள். முடி அப்போதுதான் காதுவரை வளர்ந்திருந்தது.

"மூக்க நல்லாப் பிடிச்சுக்க தம்பி. இங்க யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

எங்களில் யாரையும் கேட்காமல்தான் அப்படிச் சொன்னாள். கங்காணி மகன் கொஞ்சம் நகர்ந்து பையனுக்கு இடம் விட்டான்.