பாற்சோற்றில் கிடந்த இலை

மூன்று வருடத்துக்கு முந்தி, ஜூன் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடந்தது இது. பாரிசில், லா சப்பல் மெத்ரோவில் இறங்கி ஸ்டாலின்கிராட் பக்கமாக நடந்தால் வரும் பழைய கட்டிடம் ஒன்றில் நாங்கள் இரண்டாம் மாடி. கீழ்த்தளத்தில் மார்த்தினிக் தீவைச் சேர்ந்த ஒரு மதாம் தனியாக இருக்கிறார். ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாய் ஓயாத மனுஷி. தேங்காய்ப்பால் வாங்க எங்கள் ஆட்களின் கடைக்குப் போனால் விலை பேசிப் பேசியே கடைக்காரரைக் களைக்க வைத்துவிடுவார்.

அவர் தங்கள் ஊர்ப் பாற்சோறு ஒன்று செய்வார். கிரெயோல் சமையல். அரிசியைப் பாலிலும் தேங்காய்ப்பாலிலும் குழைய வேகவைத்து, வனிலா, கறுவா, பச்சைத் தேசிக்காய்த் தோல் எல்லாம் போட்டு ஆறவிடுவது. முதல்முறை தந்தபோது, இது எங்கள் பாற்பொங்கலுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்றேன். உங்களுடையதுதான் தங்கச்சி, எங்களுடையது அக்கா என்று உடனே திருத்தினார். அதில் வாசனைக்கு ஓர் இலையும் போடுவார். தீவில் அதற்கென்று ஒரு மரம் இருக்கிறதாம். இங்கே அது கிடைக்காததால், பிரெஞ்சுக்காரர் இறைச்சிக் குழம்புக்குப் போடும் லாரியே இலையைத் தொட்டியில் வளர்த்து வைத்திருந்தார். சோறு வெந்த பிறகும் அந்த இலையை எறிய மாட்டார். அது யாருடைய கிண்ணத்தில் வருகிறதோ அவருக்கு அந்த வருடம் நல்லது நடக்கும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. எந்தப் பிள்ளை வாடிப்போய் இருக்கிறதோ அதன் கிண்ணத்தில் மதாமின் அம்மா யாருக்கும் தெரியாமல் இலையை வைத்துவிடுவாராம்.

அன்றைக்கு அவருடைய தங்கை தீவிலிருந்து வருகிறார். அம்மாவின் செத்தவீட்டில் சண்டை பிடித்துப் பிரிந்தவர்கள், அதற்குப் பிறகு முகம் பார்த்ததில்லை. காலையிலிருந்தே மதாம் பாற்சோறு கிண்டிக்கொண்டிருந்தார். கொரோனா வந்து போனதிலிருந்து அவருக்கு மணம் தெரியாது. வனிலா காணுமா, இன்னும் போடவா என்று என்னைத்தான் மணந்து பார்க்கச் சொல்லுவார். அன்று நான் கோயிலுக்குப் போய்விட்டேன்.

இனி என் கணவர். உணவகத்தில் சமையல் வேலை, சீனி வருத்தம், அடங்காத வாய், மூன்றும் ஒரே ஆளிடம். இனிப்பு விஷயத்தில் எங்கள் வீட்டில் நான்தான் பொலிஸ். நான் கோயிலால் வந்த பிறகு குப்பை கொட்டக் கீழே போனவர் நெடுநேரம் கழித்து, மதாம் தந்ததாக ஒரு கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். முகத்தைப் பார்த்தால் பால் மணம் மாறாத பிள்ளை.

மூடியைத் திறந்தேன். சோற்றின் மேல் ஓர் இலை. அந்த நல்ல இலை எங்கள் கிண்ணத்தில் வந்திருக்கிறதே என்று ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அந்த இலையை நன்றாகப் பார்த்தேன். லாரியே இலை கொஞ்சம் அகலமாக இருக்கும். இது ஒல்லியாக, நீளமாக, நடு நரம்பின் இரண்டு பக்கமும் சீப்புப் பல் போல நெருக்கமான கோடுகளோடு இருந்தது. தினமும் காலையில் என் கை தொடும் இலை அது. அலரி. தமிழ்நாட்டுக்காரர் அரளி என்பார்கள். எங்கள் ஊரில் ஆடு கூட வாய் வைக்காது.

சாமிக்குப் பூ வைக்கவென்று, கட்டிடத்தில் எல்லோரும் தொட்டி வைக்கும் பொது முற்றத்தில் ஒரு தொட்டியில் செவ்வலரி வளர்க்கிறேன். குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். முதல் நாள் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் எல்லோருடைய தொட்டிகளையும் இடம் மாற்றி வைத்திருந்தார்கள். காலையில் பூப் பிடுங்கும்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மதாமின் லாரியே நின்ற மூலையில் என் அலரி நின்றது.

"இஞ்சேருங்கோ, இதிலை வாய் வைச்சனீங்களே?" என்று கத்தினேன்.

"சத்தியமா இல்லையப்பா. சாமியாணை, நான் தொடக்கூட இல்லை!"

அந்த மட்டில் தப்பினோம் என்று நினைத்துக்கொண்டு, வெறுங்காலோடு படியிறங்கி ஓடினேன். மதாமின் கதவு திறந்திருந்தது. தங்கை வந்துவிட்டார். இரண்டு பேரும் மேசையில் இருக்கிறார்கள், கிண்ணங்கள் நிரம்பி இருக்கின்றன, தங்கையின் கையில் கரண்டி. எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் வரவில்லை. "சாப்பிடாதேங்கோ!" என்று தமிழில் கத்தியபடி அந்தக் கரண்டியைத் தட்டிவிட்டேன். பாற்சோறு அவருடைய நல்ல சட்டையெல்லாம் தெறித்தது. எனக்கு விசர் பிடித்துவிட்டது என்றுதான் இருவரும் நினைத்திருப்பார்கள்.

மூச்சு வாங்கி வாங்கி ஒருவாறு விளக்கினேன். மதாம் நம்பவில்லை. அந்தச் செடியில் ஒரு பூவைக் கூட நான் கண்டதில்லையே, அது எப்படி உங்கள் பூச்செடியாகும் என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் எப்படிக் காணுவார்? அவர் எழும்ப முதலே நான் பூவெல்லாம் பிடுங்கிச் சாமிப் படத்துக்கு வைத்துவிடுகிறேனே. அவர் கண்ணுக்கு அது எந்நாளும் வெறும் இலைச் செடிதான். நான் சொன்னது விளங்கியதும் மதாம் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். இனிப்புச் சரியா என்று பார்க்கத் தான் ஒரு கரண்டி தின்றதாகச் சொன்னார்.

அவசர வைத்திய உதவிக்குப் போன் அடித்தேன். எடுத்த வைத்தியர் நிதானமாகக் கேட்டார்: யார் யார் சாப்பிட்டார்கள், எவ்வளவு, எப்போது? ஒரு மதாம் மட்டும்தான், ஒரு கரண்டி, வேறு யாருமே இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

"நானும்தான்" என்று பின்னால் ஒரு குரல்.

என் கணவர் வாசலில் நின்றார். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை.

"படியிலை இருந்து சாப்பிட்டனான். அரைக் கிண்ணத்துக்கு மேலை இருக்கும். பிறகு உனக்குத் தெரியாமல் கரண்டியாலை தடவிச் சமப்படுத்தி, இலையைத் திரும்ப மேலை வைச்சனான். சீனிக்குப் பேசப்போறாய் எண்டு நினைச்சு..."

போன் என் கையை விட்டு விழுந்துவிட்டது. அன்றைக்கு நான் பார்த்ததிலெல்லாம் என்னை உலுக்கியது அந்த இலை இல்லை, இந்த வார்த்தைதான். மதாமின் தங்கைதான் போனை எடுத்து மிச்சத்தைப் பேசினார்.

அம்புலன்ஸ் வந்து இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது. மதாமுக்கு வயிற்றுப் பிரட்டல் மட்டும்தான். என் கணவருக்கு வாந்தி, நாடித் துடிப்பு குறைந்துகொண்டே போனது. நெஞ்சில் வயர்களை ஒட்டி, மருந்து ஏற்றி, விடியும்வரை திரையைப் பார்த்தபடியே இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இதயம் நின்றிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். மதாமின் தங்கை, கறை காயாத அதே சட்டையோடு, என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். மற்ற வீடுகளைப் போல இலையை எறிந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது, எங்கள் அம்மா அந்த இலையைச் சரியான கிண்ணத்தில்தான் வைத்திருக்கிறா என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அழுதார். நானும் அழுதேன்.

மறுநாள் இரண்டு பேரும் நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்கள். அலரித் தொட்டியை முற்றத்திலிருந்து அப்புறப்படுத்தினேன். சாமிக்கு இப்போது கடையில் வாங்கும் பூதான்.

போன மாதம் தங்கை திரும்பவும் வந்தார். மதாம் கடையில் வாங்கிய இலையை முதலில் என் கையில் கசக்கத் தந்து, நான் தலையாட்டிய பிறகுதான் பானைக்குள் போட்டார். என் கணவர் எல்லோருக்கும் முன்னால் கரண்டியைத் தூக்கி, "மூண்டு கரண்டி. சொல்லிப்போட்டன்" என்றார். "நாலு சாப்பிடுங்கோ" என்றேன்.

எங்கள் வீட்டுப் பொலிஸ் வேலையை நான் விட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் எனக்குப் பயந்து இன்னும் கொஞ்ச நேரம் வாய் திறக்காமல் இருந்திருந்தால், இன்றைக்குக் கரண்டி தூக்க ஆளே இருந்திராது.