மாமனார் துப்பாக்கியின் பூர்வீகம்

மீட்டர் ரீடிங் எடுக்கிறவர் மீட்டரைப் பார்த்தோமா, எண்ணைக் குறித்தோமா, நடையைக் கட்டினோமா என்று இருக்க வேண்டும். இவர் அப்படி இல்லை. இந்த மீட்டரை எந்த வருஷம் மாட்டினார்கள், அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று வீட்டுக்காரரையே கேட்பார். வீட்டுக்காரர் திருதிருவென்று முழிப்பார். ஆபீசில் அவருக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர் வைத்தார்கள். அது எப்படியோ வீடுவரை வந்துவிட்டது. கட்டின மனைவியே ஃபோனில், "ஆராய்ச்சி குளிச்சிட்டிருக்கு, அப்புறம் பேசு" என்பாள்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு பழைய ரிவால்வர் சிக்கினால் விடுவாரா?

அது மாமனாருடையது. ஒரு காலத்தில் அவர் நகைக்கடை வாசலில் காவலுக்கு நின்றவர். முதலாளி எங்கேயோ மலிவாக வாங்கி, லைசென்சை இவர் பெயரில் எடுத்துக் கொடுத்தார். கடையை மூடிய பிறகும் துப்பாக்கி இவரிடமே தங்கிவிட்டது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நடுவில் மடங்கித் திறக்கும். இப்போது மாமனாருக்குக் கண் மங்கிவிட்டதால் லைசென்சைப் புதுப்பிக்க மாட்டோம், திங்கட்கிழமைக்குள் ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் துப்பாக்கியால் குடும்பத்துக்குக் கிடைத்தது மானக்கேடு ஒன்றுதான். ஒருநாள் பட்டப்பகலில் ஒருவன் கத்தியோடு கடைக்குள் நுழைந்து, கண்ணாடியை உடைத்து வளையல்களை அள்ளினான். உள்ளே ஒரே கூச்சல். வாசலில் மாமனார் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றார். நின்றாரே தவிரச் சுடவில்லை. அவன் அவர் தோளை இடித்துக்கொண்டு ஓடிவிட்டான். மேஜைக்கு அடியில் ஒளிந்திருந்தவர்கள் பார்த்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து சொந்தபந்தம் முழுக்க அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். கல்யாண வீட்டில் யாராவது தட்டைக் கீழே போட்டால் போதும், "சித்தப்பாவைப் பிடிங்க, மயங்கிடப் போறாரு" என்பான் அவருடைய அண்ணன் மகன். கூடமே சிரிக்கும். அதனாலேயே ஆராய்ச்சியின் மனைவி எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிடுவாள். அவளுக்கு அப்பா என்றால் உயிர்.

"அந்தத் துப்பாக்கியை யார் செஞ்சான், எதுக்குச் செஞ்சான்னு தோண்டிப் பார்க்கிறேன்," என்றார் ஆராய்ச்சி. "பழுதான துப்பாக்கின்னு தெரிஞ்சா போதும். உங்கப்பா மேல தப்பில்லைன்னு ஆயிடும்."

"தோண்டுங்க," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மனிதர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். மாமனாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டியையும் ஜன்னல் வெளிச்சத்தில் படம் பிடித்தார். குழல்மேல் தேய்ந்திருந்த எழுத்தைப் படிக்க மனைவியின் முகப் பவுடரைத் தடவிப் பார்த்து, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பழைய துப்பாக்கிப் பைத்தியங்கள் கூடுகிற இணையக் குழுவில் படங்களைப் போட்டார். இது கப்பல் கேப்டன்கள் வைத்திருந்தது என்றார் ஒருவர். சீமாட்டிகளின் கைப்பைக்காகச் செய்தது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டார். மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை.

கடைசியில், முன்பு துப்பாக்கிக் கடை வைத்திருந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் படங்களைக் காட்டினார். அவர் பல்லைக் குத்திக்கொண்டே பார்த்தார்.

"நூறு வயசாவது இருக்கும். பணத்தோட ஊர் ஊராப் போற வியாபாரிங்க பையில போட்டுக்கிற சைஸ். நல்ல பொருள். பழுதெல்லாம் ஒண்ணுமில்லை."

ஆராய்ச்சிக்கு முகம் தொங்கிவிட்டது.

"ஆமா, இந்தத் தோட்டா எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

"இதுக்குத்தான். முதலாளி வாங்கிக் கொடுத்தது."

"இதுவா? இது நெட்டை. இதுக்குக் குட்டைத் தோட்டாதான் சேரும். நெட்டையைப் போட்டா துருத்திக்கிட்டு நிக்கும், துப்பாக்கி மூடாது. மூடலைன்னா எங்கே சுடுறது? உங்க மாமனார் காலியாத்தான் வச்சிருந்திருப்பாரு."

ஆராய்ச்சி வீட்டுக்குப் பறந்தார். மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மாமனார் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னார். வெறுந்துப்பாக்கியோடு கத்திக்காரன் எதிரில் நின்றவரையா பயந்தாங்கொள்ளி என்றார்கள்? மனைவி அழுதேவிட்டாள்.

"ஏம்பா இதைச் சொல்லலை? உனக்கு அப்பவே தெரியும்தானே?"

"தெரியும். முதலாளிகிட்ட சொன்னேன். சும்மா நீட்டினாலே போதும்னாரு."

"அடுத்த மாசக் கல்யாணத்துல மைக் பிடிச்சுச் சொல்றேன் மாமா," என்றார் ஆராய்ச்சி.

"வேண்டாம் மாப்பிள்ளை." பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் சுட்டேன்."

"எதை மாமா?"

"அவனைத்தான். கத்தியைப் பார்த்ததும் துப்பாக்கி காலின்னே மறந்துபோச்சு. நெஞ்சுக்கு நேரா வச்சு அழுத்தினேன். டக்குனு சத்தம். மறுபடி அழுத்தினேன். அவனுக்கு மீசைகூடச் சரியா முளைக்கலை. ரெண்டாவது சத்தத்துல அழ ஆரம்பிச்சுட்டான். அழுதுக்கிட்டேதான் ஓடினான்."

பெரியவர் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தார்.

"முதலாளி சரியான தோட்டாவா வாங்கியிருந்தா நான் ஒரு சின்னப் பையனைக் கொன்னவன். பயந்தாங்கொள்ளின்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். அதைக் கேக்கிறப்பல்லாம் எனக்கு நிம்மதியாத்தான் இருக்கு."

"அப்ப நான் இத்தனை வருஷம் தலைவலின்னு படுத்ததெல்லாம்?" என்றாள் மகள்.

"அதுதாம்மா எனக்கு வருத்தம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

திங்கட்கிழமை மூவருமாக ஸ்டேஷனுக்குப் போனார்கள். காவலர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெஞ்சில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியவரே, இதை வச்சு யாரையாவது சுட்டிருக்கீங்களா?"

அவர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். ஆனால் மாமனார், "அது வந்து..." என்று ஆரம்பித்துவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், பாவம்.

"யாரு, எங்கப்பாவா?" என்றாள் மகள், பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி. "நீங்க வேற சார். அவர் சரியான பயந்தாங்கொள்ளி."

ஸ்டேஷனே சிரித்தது. பெரியவர் மேஜைக்குக் கீழே கையை நீட்டி மகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டார். ஆராய்ச்சி ரசீது வாங்கப் போனார்.