தலை போன சிவப்பு ஆமை

"நான்தான் எடுத்துக்கச் சொன்னேன் மாமா. என் ஆமைதானே."

கோயில் பொறுப்பாளர் ஹோங் பெரியவரிடம் சியூலுவான் அக்கா இப்படிச் சொன்னாள். அது பொய். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் யாரையும் எதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கோயிலில் நின்று பொய் சொல்லக்கூடாது என்று நினைக்கிறவள் நான். ஆனால் அன்று கோயிலில் இருக்கும் எங்கள் கடலம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பொய்க்காக அம்மாவுக்குக் கோபம் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவின் பிறந்த நாள் மூன்றாம் மாதத்தில் வரும். ஒட்டரிசி மாவில் சிவப்புச் சாயம் சேர்த்து, வேர்க்கடலைப் பூரணம் வைத்து, ஆமை உருவமாகப் பிடித்து அம்மாவின் முன் வைப்போம். ஏதாவது வேண்டுதல் இருப்பவர்கள் ஓர் ஆமையைக் கேட்டு, பிறை போன்ற இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போடுவார்கள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் அம்மா சம்மதித்தாள் என்று அர்த்தம். பெரிய ஆமைக்கு மூன்று முறை தொடர்ந்து அப்படி விழ வேண்டும். கிடைத்த ஆமையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்ன வேண்டும். தின்றவர் அடுத்த வருடம் அதைவிடப் பெரிய ஆமையைத் தன் கையால் செய்து வைக்க வேண்டும்.

சியூலுவான் அக்கா கடற்கரையில் சிப்பி உடைத்துச் சதை எடுப்பவள். புருஷன் இறந்து வெகுநாளாகிறது. ஒரே மகன் ஜின்ஹாய் கணவாய் பிடிக்கும் கப்பலில் உலகத்தின் அந்தக் கோடிக்குப் போயிருந்தான். புது வருடத்துக்குப் பிறகு அவனிடமிருந்து பேச்சே இல்லை. அவன் திரும்பி வர வேண்டும் என்றுதான் அக்கா பெரிய ஆமையைக் கேட்டாள். முந்தைய வருடங்களில் அம்மா இசையவில்லை. அந்த வருடம் மூன்று முறையும் சரியாக விழுந்தது. அக்கா மரத்துண்டுகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஊதுபத்தி எரிந்து முடியும்வரை ஆமை அம்மாவின் முன்னேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் காற்றாடிக்காரர் உள்ளே வந்தார்.

மலை மேல் காற்றாலை நிறுத்த வந்த டென்மார்க்காரர் அவர், பெயர் தோர்பென். திருவிழாத் தெருவில் எங்கள் ஆட்கள் அவரைச் சும்மா விடவில்லை. ஒரு வீட்டில் சிப்பி அடை, ஒரு வீட்டில் நூடுல்ஸ், இன்னொரு வீட்டில் இனிப்பு உருண்டை. வேண்டாம் என்றாலும் வாயில் திணித்தார்கள். கோயில் மேசையில் இருந்ததும் அப்படித்தான் போலும் என்று நினைத்துவிட்டார். ஆமையின் தலையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயையோ! தலையைத் தின்னுட்டான்டி!" மீன் விற்கிற பிசியா கத்தினாள்.

மீசையெல்லாம் சிவப்பு மாவோடு அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ரொம்ப நல்லா இருக்கு. யாரு செஞ்சது?" என்று திக்கித் திக்கி எங்கள் பேச்சிலேயே கேட்டார்.

ஹோங் பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் வாய் திறப்பதற்குள்தான் அக்கா அந்தப் பொய்யைச் சொன்னாள். மிச்ச ஆமையை இலையில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பிசியா விடவில்லை. "உனக்குப் பைத்தியமா? பிள்ளைக்கு வேண்டிக்கிட்டதுடி அது!"

"ஜின்ஹாயும் அப்படித்தான்" என்றாள் அக்கா. "ஆமையைக் கண்டா முதல்ல தலையைத்தான் பிப்பான்."

"தின்னவன்தான் திருப்பி வைக்கணும். இவன் அடுத்த வருஷம் எந்த ஊர்ல இருப்பானோ! வைக்கலைன்னா உன் வேண்டுதல் அந்தரத்துலதான் நிக்கும்."

அன்று தன் வீட்டில் அக்கா மிச்ச ஆமையைக் கடைசித் துணுக்குவரை தின்றாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாளே தோர்பென் அக்காவின் முற்றத்துக்கு வந்துவிட்டார். பிசியா மீன் கடையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லித் திட்டியிருக்கிறாள். சிப்பிக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க மகனோட ஆமையை நான் தின்னுட்டேனாம்."

"ருசியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப அடுத்த வருஷம் செஞ்சு வை."

"எனக்குச் செய்யத் தெரியாதே."

"அவ்வளவு பெரிய காத்தாடியை மலை மேல நட்டு வைக்கிற. ஒரு ஆமை பிடிக்க வராதா?"

இலையுதிர் காலத்தில் மலையில் வேலை முடிந்து அவர் வடக்கே போய்விட்டார். "போனவன் போனவன்தான்" என்றாள் பிசியா. ஜின்ஹாய் ஒரே ஒரு முறை போனில் பேசினான். இரைச்சலுக்கு நடுவே "உடம்பு நல்லா இருக்கும்மா" என்பது மட்டும்தான் கேட்டது. எப்போது வருவான் என்று கேட்பதற்குள் அறுந்துவிட்டது. அக்கா தினமும் கோயிலுக்கு வந்து ஊதுபத்தி வைத்துவிட்டுப் போவாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மதியம் பஸ்ஸிலிருந்து காற்றாடிக்காரர் இறங்கினார். தோளில் ஒரு மூட்டை ஒட்டரிசி மாவு. அது வடக்கு ஊர் மாவு. அக்கா ஒரு சிட்டிகை கிள்ளிப் பார்த்துவிட்டு, "இதைக் கோழிக்குப் போடலாம்" என்று தன் மாவை எடுத்தாள். ஆனால் ஆமையில் அவள் கை வைக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து, "தண்ணி போதும்", "மெதுவா, அது இரும்பில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம்வரை பிடித்தார் மனிதர். முறத்தைவிடப் பெரிதாக, ஒரு பக்கம் சாய்ந்து ஒன்று வந்தது.

"இது ஆமையா நண்டா?" என்றாள் பிசியா.

மறுநாள் அதை அம்மாவின் முன் வைத்து, ஏற்றுக்கொள்கிறாளா என்று ஹோங் பெரியவர் மரத்துண்டுகளைப் போட்டார். இரண்டும் மல்லாக்க விழுந்தன. அப்படி விழுந்தால் அம்மா சிரிக்கிறாள் என்று அர்த்தம். கோயிலே சிரித்தது, தோர்பெனும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். இரண்டாவது முறை ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க.

"போதும்டா, ஏத்துக்கிட்டா" என்றார் பெரியவர். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புயல் காலம் தொடங்குவதற்கு முன் ஜின்ஹாய் வந்து சேர்ந்தான். உப்புக் காற்றில் முகம் கறுத்து, மெலிந்திருந்தான். கடலம்மா கொண்டுவந்தாள் என்கிறேன் நான். ஒப்பந்தம் முடிந்தது, வந்தான் என்கிறாள் பிசியா. அவள் அப்படிச் சொன்னாலும் ஊதுபத்தி வைக்காமல் இருக்கவில்லை.

அவன் மறுபடி கடலுக்குப் போகவில்லை. நகரத்தில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வேலை கிடைத்தது. அக்காவையும் தன்னோடு கூட்டிப்போனான். பஸ் நிறுத்தத்தில் நான் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன். அவளை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தக் காத்தாடிக்காரன் திருவிழாவுக்கு வருவான். வந்ததும் ஒரு ஆமைத் தலையைப் பிச்சுக் கையில குடுத்துடு. இல்லேன்னா, யார் வேண்டுதல்ல கை வைப்பானோ!"