அணைக்கு வைத்த பொட்டு

எழுபதுகளில் தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலேறி ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். பெரிய நிலநடுக்கம் வந்தால் மண் அணை தாங்குமா என்று கணக்குப் போடுவது என் வேலை. துளையிட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு விடைக்குத் தவம் கிடப்பேன்.

கட்டப்போகிற ஓர் அணைக்கு விடை வந்தபோது எனக்குப் பகீரென்றது. பலமாகக் குலுங்கினால் அணையின் உச்சி இறங்கி, தண்ணீர் அதன்மேல் வழியும். வழிந்தால் மண்ணை அரித்துக்கொண்டே போகும். கீழே ஊர்கள் இருந்தன. உயரத்தைக் கூட்ட வேண்டும் என்றேன்.

துறைத் தலைவர் சிரித்தார். “ஏம்மா, உன் கார்டைப் படிச்சுட்டுத்தான் மண்ணு இறங்குமா? டேபிள்ல வச்சு ஆட்டிப் பார்த்துடலாம்.”

ஆட்டும் மேசைமேல் கண்ணாடித் தொட்டியில் சின்னதாக ஓர் அணை கட்டி, ஒரு பக்கம் தண்ணீர் நிரப்பினோம். மறுநாள் ஆயுத பூஜை. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், அணையின் உச்சி நெடுகக் குங்குமப் பொட்டு!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “சோதனைக்கு வச்சதை யார் தொட்டது?”

மெக்கானிக் அசரவில்லை. “இன்னாம்மா, எல்லா மெஷினுக்கும் வச்சாச்சு. இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?”

திரும்பக் கட்ட நேரமில்லை. பொட்டோடுதான் மேசையை ஓடவிட்டார்கள். அணை நடுங்கியது. பொட்டு வரிசை நடுவில் மெல்லத் தொய்ந்து, ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போனது. தொட்டித் தண்ணீர் சிவந்துவிட்டது.

“ஹைட்டை ஏத்திடுங்க,” என்றார் தலைவர்.

உயர்த்தினார்கள். ஊர்களை நினைத்து நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அறிக்கை வந்தபோது வயிறு எரிந்தது. ‘சோதனையில் கண்கூடாகத் தெரிந்தது’ என்பது முதல் பக்கத்தில்; மாதக்கணக்கில் நான் போட்ட கணக்கு கடைசியில் பின்னிணைப்பாக. பொட்டை நம்பினார்கள், என்னை நம்பவில்லை.

நான் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை. அடுத்த அணையின் மாதிரி தயாரானபோது பூஜைக்கு இன்னும் பல மாதம் இருந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் நுழைந்து குங்குமம் வாங்கிக்கொண்டு போனேன். எந்த இடம் இறங்கும் என்று என் கணக்கு சொன்னதோ, சரியாக அந்த இடத்தில் என் கையாலேயே வைத்தேன்.