குடைக்குப் பின்னால் ரீச்சர்

அவித்த பனங்கிழங்கு வெயிலில் காயும்போது எழும் இனித்த மாவு மணத்தோடு, சூடேறிய ரப்பர் பந்தின் மணமும் சேர்ந்தால்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து மைதானம் எனக்கு முழுமையாக நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்துக்குப் பாலம் தாண்டவேண்டிய தீவான எங்கள் ஊர், சரவணையில், எங்கள் பக்கத்தில் அவ்வளவு பெரிய சீமெந்து நிலம் வேறெங்கும் இல்லாததால், சுற்றியிருந்த வீட்டுக்காரர் எல்லாரும் அங்கேதான் பாய் விரித்துப் புழுக்கொடியல் காயப்போடுவார்கள். பின்னேரம் நாங்கள் விளையாட வரும்போதும் பாதிப் பாய்கள் அப்படியே கிடக்கும். எங்களைப் பழக்கிய ரீச்சர் அவற்றை ஒருநாளும் எடுக்கச் சொன்னதில்லை. "பாயிலை பந்து பட்டால் அவுட்" என்று தானாகவே ஒரு சட்டம் போட்டுவிட்டார். பாய்களுக்கு நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிப் பழகிய எங்களுக்கு, யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களின் வெறும் மைதானம் ஆளில்லாத தெருப்போல இருந்தது. எங்களை "ஒடியல் ரீம்" என்று பகிடி பண்ணிய பிள்ளைகள் தோற்றுப்போய்ப் பேசாமல் தண்ணீர் குடித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

ரீச்சர் கணக்குப் படிப்பித்தவர். மழையோ வெயிலோ, வளைந்த பிரம்புப் பிடி போட்ட கறுப்புக் குடை ஒன்று கையில் இருக்கும். ஆட்டத்தின்போது அவர் கத்துவதில்லை. குடையை நிலத்தில் குத்தினால் பந்தை வைத்திரு என்று அர்த்தம், மேலே தூக்கினால் எறி என்று அர்த்தம். நானோ பிறவியிலேயே "யோசனைக்காரி". பஸ் வருமோ, வந்தால் பண்ணைப் பாலத்துக் காவலரணில் விடுவார்களோ, விட்டாலும் என் சப்பாத்து அறுந்துபோகுமோ என்று முதல்நாளே தொடங்கிவிடுவேன். பந்து கைக்கு வந்தால் என் கண் தானாகக் குடையைத் தேடும்.

அப்படித் தொடர்ந்து வென்றுகொண்டிருந்த காலத்தில், ஒருநாள் பயிற்சி முடிந்து நாங்கள் வியர்வை துடைத்துக்கொண்டு நின்றபோது, "இனி நான் உங்களைப் பழக்க வரமாட்டன், பிள்ளையள்" என்றார் ரீச்சர். விஞ்ஞானம் படிப்பிக்கப் புதிதாக வந்திருந்த சேர் பார்த்துக்கொள்வாராம். ஊர் பல கதை கட்டியது. இடமாற்றம் என்றார்கள், அதிபரோடு கொழுவல் என்றார்கள். நாங்கள் கேட்டபோது ரீச்சர் சொன்னது இவ்வளவுதான்:

"வெண்டது காணுமடி. எனக்கும் பின்னேரத்திலை ஒரு தேத்தண்ணி ஆறுதலாக் குடிக்க ஆசையிராதே?"

வீட்டில் அப்பா அதைக் கேட்டதும் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். "ரீச்சர் வராட்டி நீ யாழ்ப்பாணம் போகேலாது." சண்டையில் நாடு கிடந்த கிடையில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனக்கோ படிப்பில் பெரிய பிடிப்பில்லை; பள்ளிக்கூடம் என்றால் அந்தப் பந்துதான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் அம்மாவே ரீச்சர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்ல, ரீச்சர் குடையோடு எங்கள் படலையில் வந்து நின்றார்.

"அண்ணை, நான் பஸ்ஸிலை கூடப் போவன், கூட வருவன். ஆனால் விளையாட்டுக்கை தலை போடமாட்டன். காணுமே?"

"காணும், ரீச்சர். நீங்கள் கூட இருந்தால் காணும்" என்றார் அப்பா.

விஞ்ஞான சேருக்கு விளையாட்டுச் சட்டங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் பந்து பக்கத்தில் வந்தால் ஒதுங்கிக்கொள்வார், நல்ல மனிதர். அவரோடு யாழ்ப்பாணம் போன முதல் ஆட்டம் கடைசி நிமிடம் வரைக்கும் சமமாகவே இழுபட்டது. பந்து என் கையில். எதிர்ப்பக்கத்து உயரமான பிள்ளை முன்னால் கையை விரித்து நிற்கிறாள். நான் பழக்கத்தில் ரீச்சரைத் திரும்பிப் பார்த்தேன்.

குடை விரிந்திருந்தது. அதுவும் தலைக்கு மேலே அல்ல, எங்களை நோக்கிச் சரித்து, முகம் முழுவதும் மறைய. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கறுப்பு வட்டமும் அதற்குக் கீழே இரண்டு செருப்பும்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பயத்தை மறந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். "வாணி, கரைப்பக்கம் ஓடடி!" என்று ஒரு குரல் கேட்டது; அது என்னுடையது. கற்பனையில் ஒரு பாயைச் சுற்றுவதுபோல அந்த உயரமான பிள்ளையைச் சுற்றிப் பந்தை எறிந்தேன். வாணி பிடித்து எறிந்தாள், வளையத்தில் இரண்டு தரம் துள்ளி உள்ளே விழுந்தது பந்து. வென்றுவிட்டோம்.

"ஏன் ரீச்சர் குடையாலை மறைச்சனீங்கள்?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"வெயில் கண்ணுக்கை அடிச்சது."

வானம் முழுக்க மப்பு.

"ஆரடி அது, கண்டுக்குட்டியைத் துலைச்ச மாடு மாதிரிக் கத்தினது?" என்றார் அடுத்ததாக. பிள்ளைகள் எல்லாரும் என்னைக் காட்டினார்கள். பஸ்ஸில் ஏறும்போது பிடிக்கச் சொல்லிக் குடையை என்னிடம் தந்தார். கையை வைத்தால், பிரம்புப் பிடி முழுக்கக் குழி குழியாக இருந்தது. பழையவை மங்கிப்போயிருந்தன, ஒரு வரிசை மட்டும் புதிது, இன்னும் ஈரம். பல் அடையாளம்! இத்தனை ஆட்டத்திலும் அசையாமல் நின்ற எங்கள் ரீச்சர். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் அதற்குள் இடம்பிடித்து இருந்து யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான், பயணம் முழுக்க ஒன்றையும் யோசிக்காமல் பாலத்தைக் கடந்தேன்.

"ரீச்சர் வந்தவவோ?" என்றார் அப்பா.

"ஓம் அப்பா. குடைக்குப் பின்னாலை இருந்தவ."

"அப்ப அடுத்த முறையும் போ."

அடுத்த முறையும் போனேன், அதற்கடுத்த முறையும் போனேன். பிறகு ஊரே இடம்பெயர்ந்தபோது என் படிப்பு அத்தோடு நின்றது. அதில் எனக்குப் பெரிய குறையில்லை, பள்ளிக்கூடத்தில் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டுதான் வந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது சீமெந்து வெடித்து அறுகு முளைத்திருந்தது, வளையத் தூணும் இல்லை. இப்போது வீட்டுக்கு வீடு சீமெந்து முற்றம் இருப்பதால் ஒருவரும் அங்கே புழுக்கொடியல் காயப்போடுவதுமில்லை.

போன மாதம் என் மகள் முதன்முதலாகத் தனியே மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் புறப்பட்டாள். "கவனம்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை, படலையடியில் குடையை விரித்துச் சரித்துப் பிடித்துக்கொண்டேன். "மழையே, அம்மா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் பிளாஸ்ரிக் பிடி போட்ட மடக்குக் குடைதான். பல் வழுக்குகிறது.